பூக்க விடுவோம்!

கோயில் மாலைகளில் மணக்கும் நிலச்சம்பங்கிக்கும், தமிழ்நாட்டில் ரயில் பாதையோரம் முள் நுனியோடு நிற்கும் ரயில் கற்றாழைக்கும் என்ன உறவு? இரண்டுமே மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட அகேவ் இனத்தைச் சேர்ந்தவை. முகத்தில் பூசும் சோற்றுக்கற்றாழை வேறு குடும்பம்.

உயிரியல் மாணவியான என்னை இந்தச் செடிகளிடம் ஈர்த்தது அவற்றின் வாழ்க்கை முறை. பெரும்பாலான அகேவ் செடிகள் பல ஆண்டுகள் உணவைச் சேமித்து, உயரமான தண்டில் ஒரே ஒருமுறை பூத்து, விதை தந்து மடிகின்றன. மெக்சிகோவில் இரவில் தேன் குடிக்க வரும் வௌவால்கள் ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொன்றுக்குக் கொண்டுசெல்கின்றன. அதனால் விதையிலிருந்து முளைக்கும் ஒவ்வொரு காட்டுச் செடியும் மரபணுவில் சற்றே வேறுபடுகிறது.

தோட்டத்தில் கதை வேறு. ஹாலிஸ்கோ மாநிலத்தில் டெக்கீலா மதுவுக்காக நீல அகேவ் பயிரிடப்படுகிறது. செடி பூத்தால் அடித்தண்டில் சேர்ந்த சர்க்கரை கரைந்துவிடும் என்பதால், பூத்தண்டு எழுந்ததுமே வெட்டிவிடுகிறார்கள். வாழையைப் போலப் பக்கக்கன்றுகளைப் பிரித்து நடுகிறார்கள். விளைவு, வயல் முழுவதும் ஒன்றின் நகல்கள். 1990களின் இறுதியில் பூஞ்சை, பாக்டீரியா நோய்கள் பரவியபோது இந்த வயல்கள் பெரும் சேதம் கண்டன. ஒரு செடியால் தாங்க முடியாத நோயை அதன் நகல்களாலும் தாங்க முடியாது அல்லவா?

கயிறு தயாரிக்க உதவும் சீசல் கற்றாழையும் பெரும்பாலும் விதையின்றியே பெருக்கப்படுகிறது. 1893இல் இன்றைய தான்சானியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இளங்கன்றுகளில் பிழைத்தவை 62 மட்டுமே. அந்நாட்டின் சீசல் தொழில் அவற்றிலிருந்துதான் வளர்ந்தது.

பூ இல்லாவிட்டால் வௌவாலுக்கும் உணவில்லை. அகேவ் தேனை நம்பி வாழும் ஒருவகை வௌவாலை அமெரிக்கா 1988இல் அருகிவரும் உயிரினமாக அறிவித்தது. பாதுகாப்பு முயற்சிகளால் எண்ணிக்கை உயரவே, 2018இல் அது பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. மெக்சிகோ ஆய்வாளர் ரொட்ரிகோ மெடெயின் விவசாயிகளிடம் கேட்பது சிறிய விட்டுக்கொடுப்புதான்: வயலில் 5 விழுக்காட்டுச் செடிகளையாவது பூக்க விடுங்கள். வௌவாலுக்கு உணவு கிடைக்கும். புதிய மரபணுக் கலவை கொண்ட விதைகளும் கிடைக்கும்.

இது எங்கோ நடக்கும் கதை என்று நாம் ஒதுங்க முடியாது. நாம் விரும்பி உண்ணும் டுரியானின் பூக்களும் மாலையில் மலரத் தொடங்கி இரவில் விரிந்திருக்கின்றன. பத்துமலை போன்ற சுண்ணாம்புக் குகைகளில் வாழும் தேனுண்ணும் வௌவால்கள் அவற்றின் மகரந்தச் சேர்க்கைக்குப் பெரிதும் துணைநிற்கின்றன. குகைகளைச் சிதைத்தால் டுரியான் தோட்டமும் பாதிக்கப்படும்.

முழு விளைச்சலையும் இன்றே எடுத்துக்கொள்வது இலாபமாகத் தோன்றலாம். ஆனால், அடுத்த நோய் வரும்போது பயிரைக் காக்கப்போவது நாம் வெட்டாமல் விட்ட அந்தச் சில பூக்களாக இருக்கலாம். வேளாண்மை, உயிரியல் துறைகளுக்குச் செல்லவிருக்கும் தம்பி தங்கைகளே, விளைச்சலைக் கணக்கிடும்போது அந்த 5 விழுக்காட்டையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.