ஓடும் உடல் – 17: கொடுத்த ரத்தம் எப்போது திரும்பும்?

“கொடுத்த ரத்தம் 24 மணி நேரத்தில் ஊறிவிடும். நாளைக்கே எல்லா வேலையும் பார்க்கலாம்.” ரத்ததான முகாம்களில் பிஸ்கட்டும் ஜூஸும் கொடுத்து, இப்படித்தான் தைரியம் சொல்லி அனுப்புகிறார்கள். கடைக்கும் அலுவலகத்துக்கும் போகிறவர்களுக்கு அந்தப் பதில் போதும். காவலர் தேர்வுக்காக விடியற்காலையில் எழுந்து 1,500 மீட்டர் ஓடிப் பழகும் பையனுக்கு அது பாதிப் பதில்தான். மீதிப் பாதியை அவனுக்கு யாரும் சொல்வதில்லை.

சென்ற வாரம் நுரையீரல் எப்படி ஆக்சிஜனை உள்ளே இழுக்கிறது என்று பார்த்தோம். அதைத் தசைவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபின். ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். வளர்ந்த ஆண் ஒருவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. 55 கிலோவுக்கு மேல் எடையுள்ளவரிடம் நம் ரத்த வங்கிகளில் 450 மில்லிலிட்டர் வரை எடுப்பார்கள். அதாவது பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு.

போனதில் பாதிக்கு மேல் பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதி. நன்றாகத் தண்ணீர் குடித்து, உப்புச் சேர்ந்த சாப்பாடும் சாப்பிட்டால் அது ஓரிரு நாளில் திரும்பிவிடும். முகாமில் சொல்லும் ‘24 மணி நேரம்’ இதைப் பற்றியதுதான். அதில் பொய் இல்லை. ஆனால், சிவப்பணுக்கள் அவ்வளவு சீக்கிரம் வராது. நீர் மட்டும் நிரம்புவதால் ரத்தம் சற்றே நீர்த்துப்போகிறது. ஹீமோகுளோபின் 15 இருந்தவருக்கு 14-க்கோ அதற்குச் சற்றுக் கீழேயோ இறங்கும்.

நடக்கும்போதும் மெதுவாக ஓடும்போதும் இந்தக் குறைவு தெரியாது. நிமிடத்துக்குச் சில துடிப்புகள் கூடுதலாகத் துடித்து இதயமே சமாளித்துவிடும். முழு மூச்சோடு ஓடும்போது இதயம் ஏற்கெனவே உச்சத்தில் துடித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு மேல் கூட்ட இடமில்லை. அதனால்தான் ரத்தம் கொடுத்த மறுநாள் பயிற்சி ஓட்டத்தில் ஒன்றும் தோன்றாமல், பந்தயத்தின் கடைசிச் சுற்றில் மட்டும் கால் கனக்கிறது.

இதை முதலில் துல்லியமாக அளந்து காட்டியவர்களில் ஒருவர் ஸ்வீடன் நாட்டு உடலியல் அறிஞர் பியோர்ன் எக்ப்ளோம். அவரும் சக ஆய்வாளர்களும் ஸ்டாக்ஹோமில் செய்த பரிசோதனை 1972-ல் வெளியானது. சிலரிடமிருந்து 800 மில்லிலிட்டர் ரத்தத்தை எடுத்துவிட்டு, களைத்து நிற்கும்வரை ஓடச் சொன்னார்கள். உடல் உச்சமாகப் பயன்படுத்தும் ஆக்சிஜன் 13 சதவீதம் குறைந்தது. தாக்குப்பிடிக்கும் திறன் 30 சதவீதம் விழுந்தது. சில வாரங்கள் விட்டு, எடுத்து வைத்திருந்த அவர்களுடைய சிவப்பணுக்களையே திரும்ப ஏற்றினார்கள். ஒரே இரவில் ஆக்சிஜன் அளவு 9 சதவீதமும், ஓடும் நேரம் 23 சதவீதமும் கூடின.

விளையாட்டு உலகம் இந்தப் பரிசோதனையின் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டது. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க சைக்கிள் அணியில் சிலர் ரத்தம் ஏற்றிக்கொண்டு போட்டியிட்டது பிறகு வெளியே வந்தது. அதைத் தடுக்கும் விதி அப்போது இல்லை. பின்னர்தான் தடை வந்தது. தானம் செய்கிறவர்களுக்கு வேண்டியது அதன் முன்பாதி. சிவப்பணு ஏறினால் வேகம் கூடுகிறது என்றால், இறங்கினால் குறையத்தானே செய்யும்? முகாமில் எடுப்பது 800 அல்ல. அதில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம். அதற்கேற்பப் பாதிப்பும் சிறியது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், தானம் செய்த ஓரிரு நாளில் உச்ச ஆக்சிஜன் அளவு சுமார் 7 சதவீதம் குறைகிறது.

7 சதவீதம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். காவலர் உடல்தகுதித் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். பயிற்சியில் 6 நிமிடம் 50 விநாடியில் ஓடும் பையனுக்கு நேரம் 3 சதவீதம் கூடினால் 12 விநாடி போகும். எல்லைக்கோட்டைத் தொடும்போது 7 நிமிடம் 2 விநாடி. ஒரு வருட உழைப்பு அங்கேயே முடிந்துவிடும். 100 மீட்டர் ஓடுகிறவருக்கும் பளு தூக்குகிறவருக்கும் இந்தக் கவலை பெரிதாக இல்லை. அவர்கள் வேலை சில விநாடிகளில் முடிகிறது. அதற்கான சக்தி பெரும்பாலும் தசைக்குள்ளேயே இருக்கிறது. ஊசி குத்திய கையால் அன்று மட்டும் பளு தூக்காமல் இருந்தால் போதும்.

சரி, எத்தனை நாளில் பழைய நிலைக்கு வரலாம்? ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தினர் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், 550 மில்லிலிட்டர் கொடுத்த ஆண்களுக்கு மொத்த ஹீமோகுளோபின் திரும்ப சராசரியாக 36 நாள் ஆனது. ஒருவருக்கு 20 நாள், இன்னொருவருக்கு 59 நாள். பயிற்சியில் இருக்கும் பலருக்கும் ஓடும் திறன் மூன்று நான்கு வாரங்களில் மீண்டுவிடுகிறது. ஆனாலும், முக்கியமான போட்டியோ தேர்வோ இருந்தால் குறைந்தது எட்டு வாரம் முன்னதாகத் தானத்தை முடித்துக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன். உங்கள் உடம்பு 20 நாள் ரகமா, 59 நாள் ரகமா என்பது முன்கூட்டித் தெரியாது.

அந்த வித்தியாசத்துக்கு ஒரு முக்கியக் காரணம் இரும்புச்சத்து. எனக்கு இந்த விஷயத்தில் உள்ள பெரிய கவலையும் இதுதான். ஒருமுறை ரத்தம் கொடுத்தால் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு வெளியேறுகிறது. நாம் சாப்பிடும் சாப்பாட்டிலிருந்து உடல் ஒரு நாளில் ஈர்ப்பதோ 1 அல்லது 2 மில்லிகிராம். அதிலும் அன்றாடச் செலவு போகத்தான் மிச்சம். 2015-ல் அமெரிக்காவில் 215 கொடையாளர்களிடம் நடந்த ஆய்வில், இரும்புச் சேமிப்பு குறைவாக இருந்தவர்கள் தினமும் மாத்திரை எடுத்தபோது, இழந்த ஹீமோகுளோபினில் 80 சதவீதம் 32 நாளில் திரும்பியது. மாத்திரை எடுக்காதவர்களுக்கு 158 நாள் ஆனது. மாத்திரை எடுக்காதவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு 168 நாள் கழித்தும் இரும்புச் சேமிப்பு நிரம்பவே இல்லை.

நெடுந்தூரம் ஓடுகிறவருக்கு வியர்வையிலும் இரும்பு போகிறது. பாதம் தரையில் ஓயாமல் மோதுவதில் கொஞ்சம் சிவப்பணுக்களும் உடைகின்றன. பெண்களுக்கு மாதவிடாய் இழப்பு வேறு. முகாமில் செய்யும் பரிசோதனையைக் கவனித்திருப்பீர்கள். விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை நீலநிற காப்பர் சல்பேட் கரைசலில் விடுவார்கள். சொட்டு தயங்காமல் அடிக்குப் போனால் ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையவில்லை என்று கணக்கு, படுக்கைக்கு அனுப்பிவிடுவார்கள். மேலே மிதந்தால் திருப்பி அனுப்புவார்கள். எளிமையான, நல்ல பரிசோதனை. ஆனால், அந்தச் சொட்டு சேமிப்பில் இருக்கும் இரும்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது. நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. 12.6 வைத்திருக்கும் ஓட்டக்காரப் பெண் ஒருத்தி பரிசோதனையில் தேறிவிடுவாள். சேமிப்பு காலியாக இருந்தால் அவள் அந்தப் பருவம் முழுவதும் காரணம் தெரியாமல் களைத்துப்போவாள். விளையாட்டில் இருக்கும் பெண்கள் தானத்துக்கு முன் ஒருமுறை, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். அது குறைவாக இருந்தால், டாக்டரிடம் கேட்டு அதைச் சரிசெய்துவிட்டுப் பிறகு கொடுக்கலாம்.

பீட்ரூட் குடித்தால் ரத்தம் ஊறும் என்பது நிறத்தைப் பார்த்து வந்த நம்பிக்கை. அதில் இரும்பு சொற்பம். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் எத்தனையோ மேல். சோகை பிடித்தவர்களுக்குச் சுவரொட்டி வாங்கிக் கொடுத்த நம் பாட்டிமார் கணக்கு சரியான கணக்கு. சைவக்காரர்கள் பருப்பு, கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டு, சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதைத் தவிர்த்தால் இரும்பு கூடுதலாகச் சேரும்.

‘பழைய ரத்தம் போனால் புது ரத்தம் ஊறும், வேகம் கூடும்’ என்று ஜிம்களில் ஒரு பேச்சு உண்டு. ரத்தம் குறைந்ததும் சிறுநீரகம் எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து எலும்பு மஜ்ஜையைத் தூண்டுவது உண்மை. ஆனால், பழைய அளவு வந்ததும் தூண்டுதல் அடங்கிவிடும். இழந்தது திரும்புமே தவிர, லாபம் எதுவும் வராது.

இதற்காக, ‘விளையாட்டு வீரன் ரத்தமே கொடுக்கக்கூடாது’ என்று சொல்லும் பயிற்சியாளர்களை என்னால் ஏற்க முடியாது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பும் ரத்ததானத்தைத் தடை செய்யவில்லை. இயந்திரத்தில் பிளாஸ்மாவை மட்டும் பிரித்துக் கொடுப்பதற்கு முன்பு தடை இருந்தது. பதிவு பெற்ற மையத்தில் கொடுப்பதானால் 2024 முதல் அதையும் அனுமதித்துவிட்டார்கள். நம் விதிப்படி ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். போட்டிகளில் இறங்குகிறவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை, அதிகம் போனால் இருமுறை போதும். நள்ளிரவில் ஒரு பிரசவத்துக்கோ விபத்துக்கோ உங்கள் பிரிவு ரத்தம் கேட்டு அழைப்பு வந்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், போய்க் கொடுத்துவிடுங்கள். பந்தயம் அடுத்த வருடமும் வரும்.

நம் ஊரின் பெரிய நெடுந்தூர ஓட்டங்கள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் முடிகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் வெயிலுக்குப் பயந்து பலரும் பயிற்சியைக் குறைத்துக்கொள்கிறோம். கல்லூரிகள் மூடி, முகாம்கள் நின்று, ரத்த வங்கிகளில் தட்டுப்பாடு வருவதும் அதே மாதங்களில்தான். இந்தக் கோடையில், காலையில் வயிறாரச் சாப்பிட்டு, நிறையத் தண்ணீர் குடித்து, பக்கத்து அரசு மருத்துவமனை ரத்த வங்கிக்கு ஒருமுறை போய் வாருங்கள். உங்கள் ஓட்டக் குழுவிலும் சொல்லி, நாலு பேரைக் கூட அழைத்துப் போங்கள்.