10 சொல்லுக்கு 202

திருமலை தர்மகிரி வேத பாடசாலையில் ஒலிக்கும் பாடத்தைக் கணக்காக எழுதிப் பார்க்கலாம். 10 சொல் கொண்ட ஒரு மந்திர வரியை எடுத்துக்கொள்வோம். அதை ஓதும் முறைகள் ஐந்து. தொடர்ச்சியாக ஓதும் சம்ஹிதையில் 10; பதம் பிரித்தால் இன்னொரு 10. கிரமத்தில் ஒவ்வொரு சொல்லும் அடுத்ததோடு சேர, 18. ஜடையில் அதே ஜோடி முன்னும் பின்னும் முன்னுமாகப் புரள, 54. கனத்தில் 1-2, 2-1, 1-2-3, 3-2-1, 1-2-3 என்று ஓர் அடிக்கு 13 சொல். கடைசி ஜோடிக்கு மட்டும் 6. ஆக 8 × 13 + 6 = 110. ஐந்தையும் கூட்டினால் 202. இடையில் வரும் ‘இதி’ என்ற சொற்களைச் சேர்க்கவில்லை. பாடம் ஏற்றும் ‘சந்தை’ முறையில் குரு ஒரு தடவை சொன்னதைச் சீடர் இரண்டு தடவை சொல்வது தனிச் செலவு. ரிக்வேதத்தில் மட்டும் மந்திரங்கள் 10,000க்கு மேல். பெருக்கிப் பார்ப்பது உங்கள் பாடு.

இத்தனை செலவு வீண் இல்லை. நடுவில் நிற்கும் சொல் கனத்தில் 13 தடவை வருகிறது, இரு பக்கத்துச் சொற்களோடும் முன்பின்னாக. ஒன்று இடம் மாறினால் அடுத்த அடியிலேயே நாக்கு இடறும்.

திரும்பச் சொல்லாவிட்டால் என்ன ஆகும்? ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் தம் மறதியையே அளந்து வெளியிட்டார். பொருளற்ற அசைகளை உருப்போட்டு, மறுபடி கற்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று பார்த்தார். 20 நிமிடம் கழித்து மிச்சம் 58 சதவீதம்; 1 மணி நேரத்தில் 44; 1 நாளில் 34; 1 மாதத்தில் 21. பெருஞ்சரிவு முதல் மணியிலேயே முடிந்துவிடுகிறது. இன்னொன்று: 12 அசை வரிசையை ஒரே அமர்வில் 68 தடவை சொன்ன பலன், 3 நாளாகப் பிரித்தபோது 38 தடவையிலேயே கிடைத்தது. தேர்வுக்கு முந்தின இரவு கண்விழிக்கும் பிள்ளைகளிடம் இந்த 30 தடவை லாபத்தை யார் சொல்கிறார்கள்?

வேதம் ஒலிக்கும் அதே திருமலையில் எதிர்க்கணக்கும் உண்டு. வேங்கடவன் மீது பாடிய தெலுங்குக் கவி தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியாரின் (1408–1503) கீர்த்தனைகள் 32,000 என்பது மரபு. அவர் குடும்பத்தார் செப்பேடுகளில் வெட்டிவைத்ததால் 12,000க்கு மேல் மிஞ்சின. செம்புக்குத் தினசரி உருப்போடும் செலவு கிடையாது. ஆனால் பாட்டின் தலைப்பில் ராகத்தின் பெயர் மட்டுமே இருந்தது. மெட்டு பாடகர் வாயில் இருந்தது, பாடுவார் அற்றபோது போயிற்று. 20ஆம் நூற்றாண்டில் புதிதாக மெட்டமைக்க வேண்டியதாயிற்று. பாடகர் கரிமெள்ள பாலகிருஷ்ண பிரசாத் ஒருவரே 600க்கு மேல் அமைத்தார். 12,000இல் அது 20க்கு 1.