சளிக்கு ரெண்டு மாத்திரை... லேப்ல ஒரு பச்சை வெளிச்சம்!

சின்னசேலம் பஸ் ஸ்டாண்டுல இறங்கும்போதே தொண்டை கரகரங்குதா? மெடிக்கல் ஷாப்ல "அண்ணா, சளிக்கு ஆன்டிபயாடிக் ரெண்டு கொடுங்க"ன்னு வாங்கிப் போடுற ஆளா நீங்க? அப்போ, பயோடெக் படிக்கிற ஃப்ரெண்டுகிட்ட இந்த லேப் சோதனையைப் பத்திக் கேட்டுப் பாருங்க.

ஈ.கோலைங்கிற பாக்டீரியாவுக்குப் புதுசா ஒரு மரபணு கொடுக்கிற சோதனை இது. (லேப்புக்குன்னே வளர்க்கிற சாதுவான ரகம்தான், பயப்படாதீங்க.) கொடுக்கிற பொருளுக்குப் பேரு பிளாஸ்மிட். வளையல் மாதிரி வட்டமான குட்டி டி.என்.ஏ. கால்சியம் குளோரைடு கரைசல்ல ரெண்டையும் கலந்து 10 நிமிஷம் ஐஸ்ல வைப்பாங்க. அப்புறம் 42 டிகிரி செல்சியஸ் தண்ணியில வெறும் 50 விநாடி, திரும்ப ஐஸ். இந்தத் திடீர் சூட்டுல வளையம் உள்ளே போயிடும். ஆனா, ஆயிரத்துல ஒரு பாக்டீரியாவுக்குக்கூடக் கிடைக்காது.

கிடைச்சது எதுக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? வகுப்புகள்ல பயன்படுத்துற பி-குளோ பிளாஸ்மிட்ல, ஜெல்லி மீன்கிட்ட இருந்து எடுத்த ஒளிரும் புரத மரபணு ஒண்ணு, ஆம்பிசிலின் மருந்தை முறிக்கிற மரபணு ஒண்ணு. ஆம்பிசிலின் கலந்த தட்டுல தடவி ஒரு ராத்திரி வெச்சா, வளையம் இல்லாததெல்லாம் காலி. இருக்கிறது மட்டும் புள்ளி புள்ளியா வளர்ந்து நிக்கும். தட்டுல அராபினோஸ் சர்க்கரையும் இருந்தா, புற ஊதா விளக்குல பச்சையா மின்னும். எல்லாரும் அந்தப் பச்சையைத்தான் போட்டோ எடுப்பாங்க. மருந்துக்கு நடுவுலயும் அது உயிரோட இருக்கே, அதுதான் விஷயம்.

உங்க குடலும் அந்தத் தட்டு மாதிரிதான். சளிக்குப் பெரும்பாலும் காரணம் வைரஸ். ஆன்டிபயாடிக் அதை ஒண்ணும் பண்ணாது. நல்ல பாக்டீரியாக்களைக் கொன்னு, எதிர்ப்பு மரபணு உள்ளதுக்கு இடத்தைக் காலி பண்ணிக் கொடுக்கும். அங்கே ஐஸும் வேண்டாம், சூடும் வேண்டாம். பாக்டீரியாக்கள் ஒட்டி நின்னு தாங்களே பிளாஸ்மிட்டைக் கைமாத்திக்கும்.

2010-ல 'லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ்' இதழில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் சக ஆய்வாளர்களும் எழுதின கட்டுரை உலகத்தையே திரும்பிப் பார்க்க வெச்சது. சென்னையில எடுத்த 44 பாக்டீரியா மாதிரிகள்ல என்.டி.எம்-1 மரபணு இருந்தது. டாக்டர்கள் கடைசியா கையில் எடுக்கிற கார்பபெனெம் மருந்துகளையே முறிக்கிற மரபணு, அதுவும் பெரும்பாலும் பிளாஸ்மிட்ல! (பேர்ல நியூ டெல்லி இருக்குன்னு வந்த சண்டை தனிக்கதை.)

அடுத்த முறை மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்க. சிவப்புக் கோடு இருந்தா, டாக்டர் சீட்டு இல்லாம வாங்கக் கூடாதுன்னு அர்த்தம். வீட்டுல தம்பிக்கு வாங்கி மிச்சமான அட்டைக்கும் இது பொருந்தும்.