கொடி இறங்கிய பிறகு – 14: எட்டில் ஒரு பங்கு

1958இல் கினி நாடு பிரான்சின் தலைவர் தெ கோலின் முகத்துக்கு நேராக ‘வேண்டாம்’ என்று சொன்னதும், அதற்காக அது பட்ட பாடும் சென்ற இரு இதழ்களில் கூறப்பட்டுவிட்டன. தொடரைப் படித்துவருவோருக்கு அவற்றை மீண்டும் விரிக்கத் தேவையில்லை. இந்த வாரத்துக்கென அறிவிக்கப்பட்டிருந்தது வெளியேறாமல் நின்ற நாடுகளின் கதை, அதாவது 1994 ஜனவரியில் சி.எஃப்.ஏ. பிராங்கின் மதிப்பு ஒரே இரவில் பாதியாக வெட்டப்பட்ட வரலாறு. ஆனால் அந்தப் பணத்தின் பூர்வீகத்தைத் தேடிப் பின்னோக்கிப் போகும்போது, 1849ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றில் இருக்கும் ‘எட்டில் ஒரு பங்கு’ என்ற விதி வழிமறித்து நிற்கிறது. அதைச் சொல்லாமல் 1994க்குத் தாவினால் கதையின் வேரை விட்டுவிட்டுக் கிளையைப் பிடித்ததாகிவிடும்.

சி.எஃப்.ஏ. பிராங்க் என்பது இன்றும் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் 14 நாடுகளில் புழங்கும் பணம். 1945 டிசம்பர் 26 அன்று அது பிறந்தபோது அந்த மூன்று எழுத்துகளின் விரிவு ‘ஆப்பிரிக்காவின் பிரெஞ்சுக் குடியேற்றங்கள்’ என்பதாக இருந்தது. பின்னர் விரிவு மாறியது, எழுத்துகள் மாறவில்லை. பொருளாதார நூல்கள் பெரும்பாலும் இந்த நாளிலிருந்தே கதையைத் தொடங்குகின்றன. எனினும் மேற்கு ஆப்பிரிக்காவில் அந்தப் பணத்தின் முதல் நோட்டுகளை வெளியிட்ட மேற்கு ஆப்பிரிக்க வங்கி அதற்கு 44 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கப்பட்டிருந்தது. அந்த வங்கியோ 1853இல் உருவான செனகல் வங்கியின் வாரிசு. அந்தச் செனகல் வங்கியின் மூலதனம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான் அடிமை முறை ஒழிக்கப்பட்ட ஆண்டுக்கு அழைத்துச் செல்கிறது.

1848 ஏப்ரல் 27 அன்று, அடிமை முறை எதிர்ப்பாளர் விக்தர் ஷொல்ஷேரின் இடைவிடாத முயற்சியால், பிரான்சின் இடைக்கால அரசு தன் குடியேற்றங்கள் அனைத்திலும் அடிமை முறையை ஒழிக்கும் ஆணையைப் பிறப்பித்தது. ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் விடுதலை பெற்றனர். அதே ஆணை இழப்பீடு பற்றியும் பேசியது. 1849 ஏப்ரல் 30 அன்று நிறைவேறிய சட்டம் அந்த இழப்பீட்டின் அளவை வரையறுத்தது. ரொக்கமாக 60 லட்சம் பிராங்க், அதோடு ஆண்டுக்கு 60 லட்சம் பிராங்க் வட்டி தரும் அரசுப் பத்திரங்கள். ஐந்து விழுக்காடு வட்டிக் கணக்கில் அந்தப் பத்திரங்களின் முதல் 12 கோடி பிராங்க். இவ்வளவும் உடைமையை இழந்தவர்கள் என்று கருதப்பட்ட எசமானர்களுக்குச் சேர்ந்தது. தலைமுறை தலைமுறையாகக் கூலியின்றி உழைத்தவர்களுக்கு ஒரு பிராங்கும் ஒரு காணி நிலமும் கிடைக்கவில்லை. மனிதருக்கு விலை நிர்ணயித்த கணக்கேடுகள் இடத்துக்கு இடம் வேறுபட்டன: ரீயூனியன் தீவில் ஓர் ஆளுக்குச் சுமார் 711 பிராங்க், செனகலில் சுமார் 225 பிராங்க். விடுதலை அறிவிக்கப்பட்ட பிறகும் இந்த விலைப்பட்டியல் அரசாங்க முத்திரையோடு உயிர்வாழ்ந்தது என்பதே நெஞ்சைச் சுடும் செய்தி.

அந்தச் சட்டத்தில்தான் எட்டில் ஒரு பங்கு என்ற விதி வருகிறது. மார்த்தினிக், குவாதலூப், ரீயூனியன் ஆகிய மூன்று தீவுகளின் எசமானர்களுக்கு உரிய பத்திரங்களில் எட்டில் ஒரு பங்கைப் பிடித்து வைத்து, அதைக் கொண்டு ஒவ்வொரு தீவிலும் ஒரு கடன் வங்கி நிறுவ வேண்டும் என்றது சட்டம். பிடிக்கப்பட்ட தொகைக்கு ஈடாக எசமானர்களுக்கு அந்த வங்கியின் பங்குகள் கிடைத்தன. ஆகவே நேற்று வரை மனிதர்களுக்கு உரிமை கொண்டாடியவர்கள் மறுநாள் வங்கிக்கு உரிமையாளர்களாயினர்.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அடிமை உழைத்தவரை தோட்டத்துக்கு அன்றாடம் ரொக்கப் பணம் தேவைப்படவில்லை; உழைப்பவர் சுதந்திர மனிதராகிவிட்டால் வாரந்தோறும் கூலி எண்ணிக் கொடுக்க வேண்டும், ஆனால் தீவுகளில் புழங்கிய நாணயமோ மிகச் சொற்பம். இந்த முடையைத் தீர்க்கவே நோட்டு அச்சிடும் உரிமை பெற்ற வங்கிகள் தேவைப்பட்டன. அவற்றின் சிறப்புத் தொழில் ‘விளைச்சல் கடன்’ எனப்பட்டது. அறுவடை ஆகாமல் வயலில் நிற்கும் கரும்பையே ஈடாகக் கொண்டு தோட்ட முதலாளிக்குப் பணம் கொடுப்பதே அந்த முறை. நிலமும் ஆலையும் இல்லாத விடுதலையாளருக்கு அந்த வங்கியில் ஈடு வைக்க எதுவும் இருக்கவில்லை. ரீயூனியனில் விடுதலை பெற்றவர்களில் பலர் தோட்டத்தை விட்டு அகல, அவர்கள் விட்டுச்சென்ற கரும்பு வயல்களுக்குப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். ஒப்பந்தக் காலம் பொதுவாக ஐந்து ஆண்டுகள். ஆகவே அந்த எட்டில் ஒரு பங்கின் கதை தஞ்சை, தென்னார்க்காட்டுக் குடும்பங்களின் கதைக்கும் அந்நியமானதன்று.

1851 ஜூலை 11 சட்டம் இந்த வங்கிகளுக்கு முழு வடிவம் கொடுத்தது. செனகலுக்கான ஆணை 1853 டிசம்பரில் வெளிவந்தது. அங்கே கரும்புத் தோட்டங்கள் இல்லை. பிரெஞ்சுக் கொடி பறந்தது செயிண்ட் லூயி, கோரே ஆகிய சிறு தீவு நகரங்களிலும் ஆற்றங்கரைக் காவல் நிலையங்கள் சிலவற்றிலும் மட்டுமே. விடுதலை பெற்றவர்கள் ஏறத்தாழ 10,000 பேர். அவர்களுடைய எசமானர்களில் கணிசமானோர் ‘சின்யார்’ என்று அழைக்கப்பட்ட பெண்கள். ‘அம்மையார்’ என்று பொருள்படும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. ஐரோப்பிய வணிகர்களுக்கும் ஆப்பிரிக்கப் பெண்களுக்கும் பிறந்த வழியினரான அவர்கள் வீடு, படகு, நகை, அடிமைகள் ஆகியவற்றைச் சொத்தாகக் கொண்டு அந்நகரங்களின் வணிகத்தை நடத்தியவர்கள். கடனில் மூழ்கியிருந்த உள்ளூர் எசமானர்கள் பலர் தம் இழப்பீட்டுப் பத்திரங்களைப் போர்தோ நகர வணிக நிறுவனங்களிடம் கைமாற்றிவிட்டனர். அதனால் இழப்பீட்டிலிருந்து பிடித்த 2,30,000 பிராங்க் மூலதனத்தோடு செயிண்ட் லூயியில் கதவு திறந்த செனகல் வங்கியின் கடிவாளம் தொடக்கத்திலேயே கடலுக்கு அப்பால் இருந்தவர்களின் கைக்குப் போய்விட்டது.

இங்கே ஒரு கிளைக் கதையைச் சொல்லாமல் நகர முடியாது. வங்கி நோட்டு வருவதற்கு முன்பு செனகல் ஆற்றங்கரையில் பணமாகப் புழங்கியது புதுச்சேரித் துணி. அவுரிச் சாயத்தில் மீண்டும் மீண்டும் தோய்த்துக் கருநீலமாக்கப்பட்ட அந்தப் பருத்தித் துணிக்கு வணிகர்கள் ‘கினே’ என்று பெயரிட்டிருந்தனர். ஆற்றின் வடகரையில் வேலமரத்துப் பிசின் சேகரித்து வந்த மூர் இனத்தவர் தம் சரக்குக்கு விலையாக இந்தத் துணியையே கேட்டனர். பிசின், கடன், காணிக்கை எல்லாம் துணி உருப்படிக் கணக்கிலேயே பேசப்பட்டன. அவர்கள் துணியைத் தொட்டுப் பார்த்தும் முகர்ந்து பார்த்துமே அது இந்தியாவில் நெய்து சாயமேற்றியதா, ஐரோப்பாவில் செய்த போலியா என்று கண்டுகொள்வார்கள். புதிய துணியின் சாயம் உடுத்தியவரின் தோலிலும் ஒட்டும். அந்த நீலக் கறையே செல்வத்தின் அடையாளமாக மதிக்கப்பட்டது. கோரமண்டல் கரையின் சாயக்காரர் ஒருவருடைய கை நேர்த்தி சகாராவின் விளிம்பில் நாணயத்தின் தரமாக நின்றது என்பது, பணம் என்ற நம்பிக்கை எவ்வளவு தொலைவிலிருந்து கட்டப்படுகிறது என்பதைத் தெளிவாக உணர்த்துகிறது. புதுச்சேரி ஆலைகளின் நீலத்துணிக்கு ஒரு தனி அத்தியாயமே தேவை. அது பின்னொரு வாரத்துக்கு உரியது.

துணியின் இடத்தை நோட்டு மெல்லக் கைப்பற்றியது. பிசினின் இடத்தை நிலக்கடலை கைப்பற்றியது. கடலைக் கொள்முதல் பருவத்துக்குச் செனகலில் வழங்கிய ‘திரேத்’ என்ற பிரெஞ்சுச் சொல் அடிமை வணிகத்தைக் குறித்த அதே சொல்தான். பிரெஞ்சு நிர்வாகம் தலைவரி விதித்து அதைப் பிராங்கில் செலுத்தச் சொன்னபோது, அந்தப் பிராங்கைப் பெற உழவருக்கு இருந்த வழி கடலை பயிரிட்டு விற்பதும் கூலிக்குப் போவதும்தான். 1901இல் செனகல் வங்கி மேற்கு ஆப்பிரிக்க வங்கியாக மாறித் தலைமையகத்தைப் பாரிசில் அமைத்துக்கொண்டது. 1955இல் நோட்டு வெளியிடும் உரிமை புதிய அரசு அமைப்பு ஒன்றுக்குப் போனது. 1959இல் அந்த அமைப்பு மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் மத்திய வங்கி என்ற இன்றைய பெயரைப் பெற்றது. நாடுகள் 1960இல் விடுதலை அடைந்த பிறகும் அதன் தலைமையகம் பாரிசிலேயே இருந்து, 1978இல்தான் டாக்கருக்கு வந்து சேர்ந்தது. நோட்டுகள் இன்றும் பிரான்சில் அச்சாகின்றன.

இந்த வழிமுறையை இவ்வளவு விரிவாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 2019 டிசம்பரில் அபிஜான் நகரில் மேற்கு ஆப்பிரிக்க சி.எஃப்.ஏ. பிராங்கின் பெயர் ‘எக்கோ’ என்று மாற்றப்படும் என அறிவிக்கப்பட்டபோது, ஆப்பிரிக்க இளைஞர்கள் பலர் அதைக் கொண்டாட மறுத்தனர். அவர்களின் தயக்கத்தைப் பொறுமையின்மை என்று தள்ளிவிட இயலாது. 1853 முதல் பெயர்கள் பலமுறை மாறியிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் உரிமை யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி அப்படியே தள்ளிவைக்கப்பட்டது. உழைத்தவருக்குச் சேர வேண்டிய கடன் உழைப்பை உறிஞ்சியவருக்குச் செலுத்தப்பட்டு, அந்தத் தவறான பட்டுவாடாவின் ஒரு துண்டே வங்கியாக முளைத்தது என்பதை மனத்தில் இருத்தினால்தான் அடுத்து வரப்போகும் இரவின் கனம் புரியும்.

1994 ஜனவரி 11 மாலை டாக்கரில் கூடிய தலைவர்கள் ஒரு பிரெஞ்சு பிராங்குக்கு 50 சி.எஃப்.ஏ. என்றிருந்த மதிப்பை 100 என்று மாற்றியதும், மறுநாள் காலை சந்தையில் அரிசியும் மருந்தும் என்ன விலைக்கு வந்தன என்பதும் அடுத்த வாரம்.