எடை சரி, இடுப்பு?

சர்க்கரை நோய்க்குச் சிகிச்சை தரும் மருத்துவமனை ஒன்றில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். எடை பார்க்கும் மெஷின் என் அறையிலும் உண்டு. ஆனால் நான் முதலில் கையில் எடுப்பது தையல் டேப்பைத்தான். "நான் ஒல்லிதானே மேடம், எனக்கு எதுக்கு இது?" என்று கேட்பவர்களுக்குத்தான் அது மிகவும் தேவைப்படுகிறது. கை, கால் மெலிந்திருக்கும். எடை உயரத்துக்குப் பொருத்தமாக இருக்கும். வயிறு மட்டும் சட்டையை முட்டிக்கொண்டு நிற்கும். சர்க்கரை ஏறியிருக்கும். குண்டானவர்களுக்குத்தான் இந்த நோய் வரும் என்று நம்பி, பல வருடங்கள் ரத்தப் பரிசோதனையே செய்யாமல் இருந்துவிட்டு வருகிறார்கள். அந்த நம்பிக்கையை உடைப்பதையே என் வேலையின் முதல் பகுதியாக நினைக்கிறேன்.

அதற்கு இரண்டு டாக்டர்களின் கதை எனக்குக் கைகொடுக்கிறது. ஒருவர் புனே கே.இ.எம். மருத்துவமனையின் யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த யட்கின். 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இருவரும் தங்கள் உடலையே சான்றாக வைத்தார்கள். உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றுதான்: 22.3. ஆனால் யட்கின் உடலில் இருந்த கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2 சதவீதம்.

கிலோ கணக்கிலான எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் கிடைப்பதே பி.எம்.ஐ. 165 செ.மீ. உயரமும் 62 கிலோ எடையும் உள்ளவருக்கு அது 22.8. அந்த 62 கிலோவில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பது இந்தக் கணக்கில் தெரியாது. பிறக்கும்போதே நம்மிடம் இந்த வேறுபாடு இருக்கிறது. யாஜ்னிக் குழுவினர் புனே கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் குழந்தைகளுடன் ஒப்பிட்டார்கள். அங்கே சராசரி எடை 3.5 கிலோ, இங்கே 2.7 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசை குறைவாக இருந்தது. தோலுக்கு அடியில் இருந்த கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒரே பி.எம்.ஐ.யிலும் நமக்குக் கொழுப்பு கூடுதலாக இருப்பதால்தான் உலக அளவில் 25-ல் தொடங்கும் 'அதிக எடை', இந்தியர்களுக்கு 23-லேயே தொடங்குகிறது. 25-ஐத் தொட்டாலே உடல் பருமன்.

கொழுப்பே கூடாது என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. உறுப்புகளுக்கு மெத்தை அதுதான். பட்டினி நாளில் எரிபொருளும் அதுதான். பசியை அடக்கும் லெப்டின் ஹார்மோன் அதிலிருந்துதான் சுரக்கிறது. கொழுப்பு மிகவும் குறைந்துவிட்டால் பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகலாம். உயிர் வாழ ஆண்களுக்குச் சுமார் 2 முதல் 5 சதவீதமும், பெண்களுக்கு 10 முதல் 13 சதவீதமும் தேவை. உடற்பயிற்சித் துறையில் அதிகம் புழங்கும் அமெரிக்கப் பட்டியல் ஒன்று, ஆண்களுக்கு 24 வரையும் பெண்களுக்கு 31 வரையும் ஏற்கத்தக்கது என்கிறது. கணவருக்கும் மனைவிக்கும் ஒரே எண்ணை இலக்காக வைப்பது தவறு.

அளவைவிட முக்கியம், கொழுப்பு சேரும் இடம். தொடையிலும் பின்புறத்திலும் தோலுக்கு அடியில் சேர்வது அவ்வளவாகத் தொந்தரவு தராது. குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேர்வதுதான் ஆபத்து. அங்கிருந்து கொழுப்பு அமிலங்கள் நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. இன்சுலின் சுரந்தாலும் உடல் அதற்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்புக் கல்லீரல் எல்லாம் அந்த வழியில் வரலாம்.

வயிற்றுக்குள் கொழுப்பு கூடியிருக்கிறதா என்பதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். நிமிர்ந்து நில்லுங்கள். பக்கவாட்டில் கடைசி விலா எலும்பைத் தடவிப் பாருங்கள். பிறகு இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தொடுங்கள். இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். துணிக்கு மேல் வேண்டாம். டேப் தரைக்கு இணையாக இருக்கட்டும், சதையை அழுத்தக் கூடாது. இயல்பாக மூச்சை வெளியே விட்டதும் அளவைப் படியுங்கள். வயிற்றை எக்கக் கூடாது. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது நமக்கான எல்லை. உயரத்தில் பாதிக்குள் இடுப்பு இருக்க வேண்டும் என்பது இன்னொரு எளிய கணக்கு.

ஆண்கள் பேன்ட் சைஸைச் சொல்கிறார்கள். "கல்யாணத்துல இருந்து 34தான் மேடம்." தொப்பை வளர வளர பெல்ட் அதற்குக் கீழே இறங்கிவிடுவதால்தான் சைஸ் மாறவில்லை. அரைஞாண் கிடக்கும் இடத்திலோ, புடவை கொசுவம் செருகும் இடத்திலோ அளந்தால் உண்மை தெரியாது.

ஜிம்மிலும் சில வீடுகளிலும் இருக்கும் 'பாடி ஃபேட்' மெஷின், மெல்லிய மின்சாரத்தை உடலுக்குள் செலுத்தி, அது சந்திக்கும் தடையை வைத்துக் கொழுப்பைக் கணிக்கிறது. உடலின் நீர் அளவு மாறினால் விடையும் மாறும். சாப்பிட்ட பின்னும் வியர்த்த பின்னும் வேறு வேறு எண் காட்டும். அதிகாலையில், வெறும் வயிற்றில், அதே மெஷினில் பார்த்து, எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் கவனியுங்கள். இன்னும் நம்பகமானது டெக்ஸா ஸ்கேன். எலும்பின் உறுதியைப் பார்க்கும் அதே எக்ஸ்ரே கருவிதான் அது. ஆனால் எல்லோருக்கும் அது தேவையில்லை.

இடுப்பு எல்லையைத் தாண்டியிருந்தால் பட்டினி கிடக்காதீர்கள். சோற்றைக் குறைத்து, பருப்பு, சுண்டல், முட்டை, மீனுக்கு இடம் கொடுங்கள். தினமும் நடங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுங்கள். "ஒரு கிலோகூட இறங்கலையே" என்று சோர்ந்துபோய் வருபவர்களுக்கு மறுபடியும் டேப்பைச் சுற்றுகிறேன். இடுப்பு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் குறைந்திருக்கும். கொழுப்பு கரைந்து தசை கூடினால் எடை அப்படியே நிற்கலாம். அது தோல்வி இல்லை என்று அவர்களுக்குப் புரியவைக்க வேண்டும்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, எடையோடு இடுப்பையும் அளந்து குறிக்கச் சொல்லுங்கள். எல்லையைத் தாண்டியிருந்தால், நீங்கள் எவ்வளவு ஒல்லியாகத் தெரிந்தாலும், சர்க்கரைக்கும் ரத்தக் கொழுப்புக்கும் பரிசோதனை கேளுங்கள். அறிகுறி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.