தமிழுக்குப் பங்காளி

மாசி மகத்தை ஒட்டி மாமல்லபுரம் கடற்கரை இருளர் பழங்குடியினரால் நிறைந்துவிடும். மறைமலைநகர், செங்கல்பட்டு, திருப்போரூர்ப் பக்கத்திலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து, மணலில் சேலையைச் சுற்றிக் குடில் கட்டி, கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். பெண் பார்ப்பது, கல்யாணம் எல்லாம் அங்கேயே. பேச்சு மட்டும் நம் வட்டாரத் தமிழ். 1978-இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலும் அதே கதைதான், பிடிக்கும் பாம்புகளின் பெயர்கூடத் தமிழே: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டை.

அப்படியானால் இருள மொழி என்று ஒன்று உண்டா? உண்டு. அதைக் கேட்க நீலகிரிச் சரிவுக்கும் கேரளத்து அட்டப்பாடிக்கும் போகவேண்டும். இன்ன மொழி என்று தெரியாமலே பலர் அதைக் கேட்டிருப்பார்கள்: 'அய்யப்பனும் கோஷியும்' என்ற மலையாளப் படத்தில் நஞ்சியம்மா பாடியது இருளத்தில்தான். 2022-இல் அறிவித்த தேசிய விருது அவருக்குப் போனது.

நெடுங்காலம் இதைக் கொச்சைத் தமிழ் என்றே தள்ளிவைத்திருந்தார்கள். செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில் 1973 முதல் இதைப் பற்றி நூல்கள் வெளியிட்டார். தமிழ் கெட்டு இருளமாகவில்லை, இரண்டும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை என்பது அவர் கருத்து. தாய்-மகள் உறவில்லை, பங்காளி உறவு. நாக்கு முன்னும் போகாமல் பின்னும் போகாமல் நடுவில் நின்று எழுப்பும் உயிரொலிகள் இருளத்தில் உண்டு. நம் குற்றியலுகரத்தை நினைத்தால் கொஞ்சம் பிடிபடும். ஆனால் நமக்கு அது பெரும்பாலும் சொல்லின் கடைசியில் வரும். அவர்களுக்கு முதல் அசையிலேயே வந்துவிடும்.

மலையில் அக்கம்பக்கம் தோடர், கோத்தர், குறும்பர், படுகர். படுகு கன்னடத்துக்கு நெருக்கம். தோடாவும் கோத்தாவும் வெகு முன்பே பிரிந்து தனிவழி போனவை. இத்தனைக்கும் நடுவில் தமிழுக்கு மிக நெருங்கி நிற்பது இருளம். அதற்குள்ளும் வேட்டக்காடு, மேலநாடு, ஊராளி, கசபா என்று கூறுகள். கசபாவில் கன்னடச் சாயல் தெரியும்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு இருளர் 1,89,661 பேர். நாடு முழுவதிலும் இருளத்தைத் தாய்மொழி என்று சொன்னவர்களோ 12 ஆயிரத்துக்கும் குறைவு. அவர்களையும் தமிழ் என்ற தலைப்பின் கீழ் சேர்த்துவிட்டார்கள். ஏறத்தாழ ஏழு கோடிப் பேர் பேசும் மொழிக்கு இந்தச் சில ஆயிரம் எதற்கு? தனித்தமிழுக்காக வாதாடிய மறைமலையடிகளின் பெயரில் ஊர் வைத்துக்கொண்டிருக்கிறோம். பங்காளியின் தனித்தன்மைக்கும் ஒரு வார்த்தை பேசலாம்.

பேச்சு தமிழாகிவிட்டாலும் சமவெளி இருளரின் பாம்பு பிடிக்கும் கைத்தொழில் குறைந்துவிடவில்லை. சென்னேரியைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் ஃபுளோரிடா வரை போய் மலைப்பாம்பு பிடித்தார்கள். 2023-இல் பத்மஸ்ரீ வந்தது. மொழி என்று வந்தால் மலையிலுள்ள இருளப் பிள்ளைகளுக்குத்தான் சிக்கல் அதிகம். வீட்டில் இருளம், பள்ளியில் எல்லைக்கு அப்பால் மலையாளம், இப்பால் தமிழ். இருளம் என்ற அந்த ஒரே மொழியை எழுதவேண்டி வந்தால் எழுத்தும் அப்படியே இரண்டாகிறது.