எழுபது வளைவு இறங்குவதற்குள் அடங்கிவிடும் படபடப்பு

அரியூர் நாட்டில் மிளகு பறிக்கும் பருவம் என்று வைத்துக்கொள்வோம். சில்வர் ஓக் மரத்தில் சாத்திய ஏணியில் நிற்பவருக்குத் திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. மெல்ல இறங்கி, தரையில் உட்கார்ந்து, சொம்புத் தண்ணீரைக் குடிக்கிறார். கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. "ஒரு தடவை கீழே போய்க் காட்டிட்டு வந்துடுங்க" என்று வீட்டில் வற்புறுத்த, அடுத்த நாள் பஸ் ஏறுகிறார். காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவுகள், அதற்குப் பிறகு சமவெளிச் சாலை. நாமக்கல்லில் ஈசிஜி எடுக்கிறார்கள். தாளைப் பார்த்த மருத்துவர் "நார்மலா இருக்குங்களே" என்கிறார். மாலை பஸ்ஸில் அதே 70 வளைவுகளும் திரும்பி ஏறியாக வேண்டும்.

இவர் நான் கற்பனை செய்த ஆள். ஆனால் இந்தக் கதை கொல்லிமலையில் நாடு என்று அழைக்கப்படும் பதினான்கு ஊர்ப்பகுதிகளிலும் நடக்கக்கூடியது. மலைதான் வேண்டும் என்றும் இல்லை. சென்னையில் மருத்துவமனைக்கு எதிர்வீட்டில் குடியிருப்பவருக்கும் இதுவே நடக்கும். சாலையைக் கடப்பதற்குள் படபடப்பு நின்றிருக்கும்.

வழக்கமான ஈசிஜி பதிவு பத்து நொடி. ஒரு நாளில் 86,400 நொடிகள். இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை துடிக்கிறது, அதில் பத்துப் பன்னிரண்டு துடிப்புகள்தான் அந்தத் தாளில் விழுகின்றன. மாரடைப்புக்கு இது பெரும்பாலும் போதும். ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் அதன் தடம் சட்டென்று மறையாது, பத்து நொடியிலேயே பிடிபட்டுவிடும். தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை 2,420 மாரடைப்பு நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில் சிறிய மருத்துவமனையில் எடுத்த ஈசிஜி பெரிய இதய மையத்துக்குப் போகும்படி இரண்டையும் இணைத்துப் பார்த்தார்கள். ஓராண்டுக்குள் இறப்பவர்களின் பங்கு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. ஈசிஜி பயணம் செய்தால் உயிர் பிழைக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே கிடைத்த சான்று அது. படபடப்போ வந்த சுவடே தெரியாமல் போய்விடும். இங்கே ஈசிஜி நோயாளியின் கூடவே இருக்க வேண்டும்.

அதற்காகப் பத்து நொடி ஈசிஜியை வீண் என்று தள்ளிவிட முடியாது. இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே பிறவியிலேயே கூடுதலாக ஒரு மின்பாதை சிலருக்கு உண்டு. படபடப்பு இல்லாத நேரத்திலும் அது ஈசிஜியில் தன் அடையாளத்தைக் காட்டக்கூடும். ரத்தசோகை, தைராய்டு கூடுதல் போன்ற காரணங்கள் சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே வெளிப்பட்டுவிடும். எந்தக் கருவியை மாட்டுவது என்ற கேள்வி இவற்றுக்கெல்லாம் பிறகுதான் வர வேண்டும்.

அனுபவமுள்ள இதய மருத்துவர்களிடம் ஒரு பழைய உத்தி இருக்கிறது. "எப்படி அடிச்சுது? மேசையில தட்டிக் காட்டுங்க" என்பார்கள். சுவிட்சைப் போட்டதுபோலத் தொடங்கி, சீராக, எண்ணவே முடியாத வேகத்தில் ஓடி, சுவிட்சை அணைத்ததுபோல நின்றால் மேலறையிலிருந்து வரும் மிகைவேகத் துடிப்பாக இருக்கலாம். தாளமே இல்லாமல் கண்டபடி தட்டினால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற மேலறை நடுக்கமாக இருக்கலாம். இது பக்கவாதத்தின் அபாயத்தை ஏறத்தாழ ஐந்து மடங்காக்கும் என்பதால் தவறவிடக் கூடாதது. ஒரு துடிப்பு முந்திக்கொண்டு, சற்று நின்று, அடுத்தது ஓங்கி அடித்தால் அது முந்துதுடிப்பு. இருட்டில் இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைப்போமே, அந்த உணர்வு. இதயத்தில் வேறு கோளாறு இல்லாதவர்களுக்கு இது பெரும்பாலும் தொந்தரவுதானே தவிர ஆபத்து அல்ல. ஆனால் மேசையில் தட்டியது சாட்சி ஆகாது. படபடக்கிற அந்த நிமிடத்தின் பதிவு வேண்டும்.

அந்தப் பதிவுக்காகக் கருவியை மனிதனின் முதுகில் ஏற்றியவர் நார்மன் ஹோல்டர். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து ஹெலெனா என்ற மலைநாட்டு ஊர்க்காரர். 1940களின் இறுதியில் அவர் செய்த முதல் கருவி இதயத்தின் மின்னலைகளை ரேடியோ வழியே அனுப்பியது. எடை 38 கிலோ. ஒரு பலாப்பழ மூட்டையின் கனம்! அதைத் தன் முதுகிலேயே சுமந்து சோதித்தார். சுருங்கிச் சுருங்கி, 1961-இல் 'சயன்ஸ்' இதழில் அவர் கட்டுரை வந்தபோது, நோயாளி தன் வேலையைப் பார்த்துக்கொண்டே பதிவு தரலாம் என்றாகிவிட்டது. இன்றைக்கு ஹோல்டர் கருவி தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. நெஞ்சில் ஐந்தாறு ஒட்டிகள், அவற்றிலிருந்து ஒயர்கள், இடுப்பில் ஒரு பெட்டி. 24 அல்லது 48 மணி நேரம் ஒரு துடிப்பு விடாமல் எழுதும்.

நம் மருத்துவமனைகளில் படபடப்பு என்று போனால் முதலில் எழுதித்தருவது பெரும்பாலும் ஹோல்டரைத்தான். தினமும் படபடப்பு வருகிறவருக்கு அதுவே சரி. ஆனால் மாதம் ஒருமுறை வருகிறவருக்கு? முப்பது நாளில் ஒரு நாள் மாட்டினால், அந்த நாளிலேயே படபடப்பும் வர வேண்டும். லாட்டரிச் சீட்டைப் போலத்தான். விழாவிட்டால் கிடைப்பது "ஹோல்டர் நார்மல்" என்று ஒரு தாள், அதை வைத்து "எல்லாம் உன் மனசுலதான்" என்ற தீர்ப்பு. இந்தத் தீர்ப்பு பெண்களுக்கே அதிகம் கிடைக்கிறது என்பது என் எண்ணம்.

அரியூர் நாட்டுக்காரருக்கு ஹோல்டரில் இன்னும் சில சங்கடங்கள். மாட்டிக்கொள்ள ஒருமுறை இறங்க வேண்டும், கழற்றிக் கொடுக்க இன்னொருமுறை. இடையே குளிக்கக் கூடாது. தோட்ட வேலையில் வியர்த்தால் ஒட்டிகள் பிடி விடும், பஸ் குலுங்கினால் பதிவிலும் குலுக்கல் விழும். அதனால் பலர் அந்த ஒரு நாளும் திண்ணையில் அசையாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஏணியில் ஏறினால் வரும் படபடப்பு திண்ணையில் எப்படி வரும்?

ஒயர் இல்லாத ஒட்டுப்பட்டை இதற்கு ஒரு பதில். இடது மார்பின் மேல்பக்கம் பிளாஸ்திரிபோல ஒட்டிவிட்டால் வகையைப் பொறுத்து ஏழு முதல் பதினான்கு நாள் பதிவாகும். ஓரளவு தண்ணீர் படலாம். ஹோல்டரையும் பட்டையையும் 146 பேருக்கு ஒரே நேரத்தில் மாட்டி ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2014-இல் வெளியானது. முதல் 24 மணி நேரத்தில் ஹோல்டர் 61 தாளக் கோளாறுகளைப் பிடித்தது, பட்டை 52-ஐத்தான். அதாவது நாளுக்கு நாள் ஒப்பிட்டால் ஒயர்ப் பெட்டிதான் கெட்டிக்காரன். ஆனால் ஒரு நாளில் ஹோல்டரைக் கழற்றிவிட்டார்கள், பட்டை நெஞ்சிலேயே இருந்தது. கடைசியில் கணக்கு 96-க்கு 61 என்று பட்டையின் பக்கம் சாய்ந்தது. கருவி வாங்கும்போது நாம் பார்ப்பது துல்லியத்தை. படபடப்பில் ஜெயிப்பது பொறுமை.

இதைவிடப் பொறுமையான கருவி சட்டைப் பையிலேயே கிடக்கும். இரண்டு உலோகத் தகடுகள் கொண்ட சின்னப் பட்டி. படபடக்கும்போது எடுத்து, இரு கை விரல்களையும் அரை நிமிடம் வைத்தால், ஒற்றைக் கோட்டு ஈசிஜி செல்பேசியில் வந்து விழும். நொய்டாவிலும் டேராடூனிலும் இருக்கும் இந்திய நிறுவனங்கள்கூட இந்த இனக் கருவிகளைச் செய்கின்றன. படபடப்போடு அவசரப் பிரிவுக்கு வந்தவர்களை வைத்து, எடின்பரோ மருத்துவர்கள் தலைமையில் பிரிட்டனில் நடந்த ஆய்வு 2019-இல் வெளியானது. வழக்கமான கவனிப்போடு நின்றவர்களில் 9.5 சதவீதம் பேருக்கே 90 நாளில் படபடப்பு நேரத்துப் பதிவு கிடைத்தது. கூடுதலாகக் கையடக்கக் கருவியும் பெற்றவர்களில் 55.6 சதவீதம் பேருக்குக் கிடைத்தது. பதிவு கிடைக்க முன்னவர்களுக்குச் சராசரியாக 43 நாள் ஆனது, பின்னவர்களுக்குப் பத்து நாளுக்குள்.

அப்படிக் கிடைத்த பதிவுகளில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை. இதைப் படித்துவிட்டு "அப்போ எதுக்கு?" என்று கேட்கலாம். நெஞ்சு அடித்துக்கொள்ளும் அதே நொடியில் இதயத்தின் தாளம் ஒழுங்காக இருந்தது என்று தெரிவதும் ஒரு விடைதான். படபடப்பு இல்லாத நாளில் எடுத்த நார்மலும் படபடக்கும்போது எடுத்த நார்மலும் ஒன்றல்ல. முதலாவது எதையும் சொல்வதில்லை, இரண்டாவது நிம்மதியாகத் தூங்கவைக்கும்.

இந்தியக் கிராமத்தில் இது எடுபடுமா? குஜராத்தின் ஆனந்த் மாவட்டத்தில் முயன்று பார்த்திருக்கிறார்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட சுமார் இரண்டாயிரம் பேரிடம், வீடுவீடாகப் போகும் கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் இந்த மாதிரிக் கருவியில் விரல் வைக்கச் சொல்லிப் பதிவெடுத்தார்கள். 1.6 சதவீதம் பேருக்கு மேலறை நடுக்கம் இருந்தது. அது படபடப்புக்கான தேடல் அல்ல, நோய்க் கணக்கெடுப்பு. இருந்தாலும், கருவியை இயக்க டாக்டர் தேவையில்லை, பதிவைப் படிக்கத்தான் டாக்டர் வேண்டும் என்பது அதில் தெளிவானது. தமிழ்நாட்டில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் பிரஷரும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். நாட்டுக்கு ஒன்று என்று இப்படிப்பட்ட பதினான்கு கருவிகளை அவர்கள் பையில் போட்டு, படபடப்பு உள்ளவர் வீட்டில் மாதக்கணக்கில் கடனாக விட்டுவைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. நூலகப் புத்தகம்போல.

வாங்குகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல்களில் மின்சாரம் எளிதில் நுழையாது, விரலை ஈரத்துணியில் ஒற்றிவிட்டு வைத்தால் கோடு தெளியும். டவர் இல்லாத இடத்திலும் பதிவு செய்து, பிறகு அனுப்பும் வகையா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஒரு நிமிடமே நீடிக்கும் படபடப்புக்கு, செல்பேசியைத் தேடி எடுப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். ஒற்றைக் கோட்டு ஈசிஜியால் மாரடைப்பு இல்லை என்று சொல்ல முடியாது. நெஞ்சை அழுத்தும் வலியோடு வியர்வையும் வந்தால் கருவியை ஓரமாக வைத்துவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும்.

கைக்கடிகாரங்களைப் பற்றிக் கேட்பார்கள். பல மலிவுக் கடிகாரங்கள் பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி ரத்தத்தின் ஏற்ற இறக்கத்தை எண்ணுகின்றன. அது நாடி பார்ப்பது, ஈசிஜி அல்ல. வேகத்தைச் சொல்லும், தாளத்தின் வகையைச் சொல்லாது. இதே ஒளி முறையில் ஆப்பிள் கடிகாரத்தை வைத்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கண்காணித்த ஆய்வில், தாளம் தவறுவதாக எச்சரிக்கை வந்தது 0.52 சதவீதம் பேருக்கு. அவர்களில் ஒட்டுப்பட்டை போட்டுத் திருப்பி அனுப்பிய 450 பேரில் மேலறை நடுக்கம் உறுதியானது 34 சதவீதம் பேருக்கு மட்டுமே. ஈசிஜி எடுக்கும் கடிகாரங்கள் தனி ரகம். அவை ஏற்கெனவே கையில் இருந்தால் பயன்படுத்தலாம், படபடப்புக்கென்று கடன் வாங்கி வாங்க வேண்டியதில்லை.

இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் நோயாளி விழித்திருந்தாக வேண்டும், அல்லது படபடப்பு இரண்டு வாரத்துக்குள் வந்தாக வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை வந்து, வரும்போதெல்லாம் மயங்கி விழுகிறவருக்கு? தோலுக்கு அடியில் வைக்கும் பதிவுக் கருவி இருக்கிறது. ஏறத்தாழ நாலரை சென்டிமீட்டர் நீளம், உள்ளே தள்ளச் சில நிமிடம், பேட்டரி மூன்றாண்டு ஓடும். கடைகளில் இருக்கும் சிசிடிவிபோலப் பழையதை அழித்துப் புதியதை எழுதிக்கொண்டே இருக்கும். துடிப்பு வரம்பு மீறினாலோ, நோயாளி மயக்கம் தெளிந்து பொத்தானை அழுத்தினாலோ முந்தைய சில நிமிடங்களை அழிக்காமல் எடுத்து வைத்துக்கொள்ளும். விலை அதிகம். அதனால் எல்லோருக்கும் அல்ல.

ஆனால் நம் மிளகுக்காரருக்குப் படபடப்பு ஏணியில் ஏறும்போதெல்லாம் வந்தாலோ, அவர் அங்கே மயங்கியிருந்தாலோ கணக்கே மாறிவிடும். உழைக்கும்போது வரும் படபடப்பு, மயக்கம், வீட்டில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்த சரித்திரம், இவற்றில் ஒன்று இருந்தாலும் வாரக்கணக்கில் கருவி மாட்டிக் காத்திருப்பது தவறு. உடனே எக்கோ, இதய நிபுணர். அதுவரை ஏணியில் ஏறக் கூடாது. மருத்துவர் கேட்காவிட்டாலும், தான் என்ன வேலை செய்துகொண்டிருந்தபோது வந்தது என்பதை நோயாளியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, மலையில் எல்லோரும் கேட்கும் கேள்வி. மிளகுக் கொடிக்குக் கீழேயே காபிச் செடி நிற்கிற ஊர் இது. படபடப்புக்கு அதை நிறுத்த வேண்டுமா? இதற்கும் ஒரு ஒட்டுப்பட்டைதான் பதில் தேடிக் கொடுத்தது. அமெரிக்காவில் நூறு பேர் பட்டையை ஒட்டிக்கொண்டு, இரண்டு வாரம் சில நாள் காபி குடித்தும் சில நாள் குடிக்காமலும் இருந்தார்கள். முடிவு 2023-இல் வந்தது. மேலறையிலிருந்து வரும் முந்துதுடிப்புகளில் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. கீழறையிலிருந்து வருபவை நாளொன்றுக்கு 102-இலிருந்து 154 ஆயின. காபி குடித்த நாளில் ஏறத்தாழ ஆயிரம் காலடிகள் கூடுதலாக நடந்தார்கள், இரவில் அரை மணி நேரத்துக்கு மேல் குறைவாகத் தூங்கினார்கள்.